பத்திரிகையில் விட்டுப்போன வேலை

கண்ணு,

நீ போனைப் பட்டென்று வைத்து இன்றோடு மூன்று நாள் ஆகிறது. இந்த மூன்று நாளில் நான் ஒருமுறை அரவேணுவுக்கும் ஒருமுறை கோத்தகிரிக்கும் போய்வந்தேன், இரண்டு தடவை சாம்பாரில் உப்புப் போட மறந்தேன், அதைச் சொல்லிக்காட்டிய உங்கப்பாவிடம் நாலு தடவை சண்டை போட்டேன். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே நீ என்னை முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறு மணிக்குக் காய்ச்சல் இவ்வளவு, பத்து மணிக்கு இவ்வளவு, நடுவில் கொடுத்தது என்ன என்று முப்பது வருஷம் எழுதிய கை இது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். ஆகவே கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. படித்து முடித்ததும் உன் வார்டில் கூட வேலை பார்ப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டு. ஒளித்து வைத்துத்தான் இவ்வளவு கூத்தும் நடந்தது, இனி ஒளிக்க ஒன்றும் இல்லை.

உன் வார்டுக்காரர்களுக்காகக் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னும் இருபத்திரண்டு நாளில் உனக்குக் கல்யாணம். பெண் அரவேணு மஞ்சுளா, கோத்தகிரியில் பள்ளிக்கூட டீச்சர். நீ கீழே கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருஷமாக நர்ஸ். நானும் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள்தான். அப்படிப்பட்ட நான், உன் கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்கும்போது உன் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று போட்டு அதோடு நிறுத்திக்கொண்டேன். அச்சகக்காரர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "பி.எஸ்சி. என்னங்கம்மா? மேத்ஸுங்களா, பிசிக்ஸுங்களா?" என்று கேட்டார். "வெறும் பி.எஸ்சி. போதுமுங்க" என்றேன். "வேலை?" என்றார். பக்கத்துக் கடையில் தேங்காய் வாங்குகிறவர்களுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று குரலைத் தாழ்த்தி, "மருத்துவமனை நிர்வாகம்னு போட்டுருங்க" என்றேன்.

அச்சடிக்கும் முன் அவர் கொடுத்த மாதிரித் தாளைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியதும் நான்தான். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். நீ கத்தவில்லை. "அம்மா, இந்த ரெண்டு வருஷமா நான் யாரோட மல்லுக்கட்டிட்டு இருக்கறேன்? நிர்வாகத்தோட. கடைசில என்னையே நிர்வாகம்னு போட்டுட்டியே" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை. "என் வார்டுல இருக்கறவங்க கையில இந்தப் பத்திரிகைய நான் எப்படிக் குடுப்பேன்? உங்களோட சேந்து நிக்கறதுக்கு எனக்கு வெக்கமா இருக்குன்னு சொல்லியா குடுக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். உங்கப்பா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். "அம்மிணி, பையன் கேட்டதுக்கு உங்கிட்ட பதில் இருக்குதா?" என்றார். இல்லை. அப்போது இல்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளிக்கூடம் லீவு என்று உன்னையும் ஒருநாள் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வேலை முடிந்ததும் ஸ்டோர் ரூமில் வெள்ளைச் சேலையை அவிழ்த்துக் கலர்ச் சேலைக்கு மாறினேன். நெஞ்சில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றிப் பர்ஸுக்குள் போட்டேன். கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் என் பெயரும் கீழே செவிலியர் என்றும் இருக்கும். நீ மருந்துப் பெட்டிமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, "ஏம்மா பேரக் கழட்டறே?" என்று கேட்டாய். பஸ்ஸில் ஊசி குத்திவிடும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நிஜம் வேறு. அந்த நாளில் வெள்ளைச் சேலையோடு பஸ் ஏறினால், பின் சீட்டில் இருந்து ஏதாவது ஒரு பேச்சு வரும். கண்ட நேரத்துக்கு வேலைக்குப் போகிறவள், கண்டவர்களைத் தொடுகிறவள் என்று ஜாடையாகப் பேசுவார்கள். அப்படிப் பேசியவர்களில் ஒருத்தனுக்கு மறு மாதமே நான்தான் தையல் பிரித்தேன். கொஞ்சம் அழுத்திப் பிரித்தேன், அவ்வளவுதான்.

பேச்சுக்குப் பயந்து கழற்ற ஆரம்பித்தது நாளடைவில் வழக்கமாகிவிட்டது. பேசுகிறவர்கள் ஓய்ந்த பிறகும் நான் கழற்றிக்கொண்டே இருந்தேன். பத்திரிகையில் நான் செய்ததும் அதேதான். உன் பேட்ஜைக் கழற்றிப் பர்ஸில் போட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மழைக்காலம், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வாந்திபேதி. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார், ஜீப்பை அணைக்காமலே பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி நானும் ஒரு ஆயாவும்தான். ஒன்பது நாள் வீட்டுக்கு வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வேன். உங்கப்பா ஒன்பது நாளும் உனக்கு உப்புமா செய்து போட்டார். இன்றைக்கும் உப்புமாவைப் பார்த்தாலே நீ எழுந்து ஓடுவதற்கு அந்த எஸ்டேட்தான் பொறுப்பு. எட்டாம் நாள் உனக்குக் காய்ச்சல் என்று உங்கப்பா ஆள் அனுப்பினார். நான் மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினேன். வரவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நெற்றியில் கைவைத்துப் பார்த்தவள் உனக்கு வைக்கவில்லை. அதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை கண்ணு.

எல்லாம் அடங்கி, ஒரு உயிரும் போகாமல் முடிந்ததும் பாராட்டு விழா வைத்தார்கள். மேனேஜர் பேசினார், டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையைத் தட்டில் ஏந்தி நின்றது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். அப்போது எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, மேடைக்குக் கூப்பிட்டார்களே என்று. கூட்டம் கலைந்த பிறகு கொழுந்து பறிக்கிற மாரியாயி வந்தாள், இலங்கையில் இருந்து திரும்பி வந்த குடும்பத்துக்காரி. "தட்டு தூக்குனவங்களுக்கு ஒண்ணும் இல்லையாமோ நர்சம்மா?" என்று கேட்டுச் சிரித்தாள். மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து ஒரு மஞ்சள் துண்டை என் தோளில் போட்டாள். லைனில் எல்லாருமாகச் சேர்ந்து வாங்கியதாம். அந்தத் துண்டு உன் தலையைத் துவட்டித் துவட்டியே சாயம் போய்விட்டது. இன்னும் அலமாரியில் இருக்கிறது.

அந்த எஸ்டேட்டில் எல்லாரும் என்னைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை, சேவை. நர்சம்மா சேவை செய்கிறவங்க. அதைக் கேட்டுக் கேட்டு நானும் குளிர்ந்துபோனேன். சேவை செய்கிறவள் லீவு கேட்கலாமா? சம்பளத்தைக் கூட்டிக் கேட்கலாமா? கேட்காமலே இருந்துவிட்டேன். ஓய்வு பெற்ற நாளில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வர நேரம் கொடுக்காதவர்கள் நேரம் பார்க்கக் கடிகாரம் கொடுத்தார்களே என்று உங்கப்பா ஒரு வாரம் சிரித்தார். ஆனால் எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. நான் லீவு எடுக்கவில்லை என்பதால் எனக்குக் கீழே இருந்த ஆயாவும் லீவு எடுக்க முடியவில்லை. "நர்சம்மாவே இருக்கறாங்க, உனக்கென்ன?" என்று அவளைக் கேட்பார்கள். என் பொறுமைக்கு அவளும் சேர்ந்து விலை கொடுத்தாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. நீயும் ஒருநாள் சீனியர் ஆவாய். அப்போது "நாங்கெல்லாம் அந்தக் காலத்துல" என்று சின்னவர்களிடம் ஆரம்பிக்காதே. உன் முதுகு தாங்கியது என்பதற்காக அடுத்தவர் முதுகில் ஏற்றாதே. வார்டைத் துடைக்கிற அக்காவுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிடு.

நீ நர்சிங் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். ஆனந்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் பட்டது போதாதா என்றுதான் அழுதேன். உன் மாமா வந்து, "ஏன்க்கா, ஆம்பளப் பையனப் போயி நர்ஸ் வேலைக்கா அனுப்பறே?" என்று தலையில் அடித்துக்கொண்டார். உங்கப்பா ஒருவர்தான் உருப்படியான காரியம் செய்தார். தேயிலை ஃபேக்டரிக்குப் போகிற வழியில் இரண்டு கிலோ வர்க்கி பிஸ்கட் வாங்கி ஷிஃப்ட் முழுக்கக் கொடுத்திருக்கிறார். மாமா கேட்டதற்கு, "ஏனுங்க மச்சான், நாளைக்கு நீங்க படுத்தீங்கன்னா தூக்கி உக்கார வெக்க ஆம்பளக் கை வேண்டாமுங்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். மாமாவின் எடை உனக்குத் தெரியும். அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை, வர்க்கிக்குத் தவிர.

அப்புறம் நீ வேலைக்குச் சேர்ந்தாய். முதல் சம்பளத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினாய். எனக்கு அது புரிந்தது, நானும் மாற்றியவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு வந்தாயே, அதை உன் வார்டுக்காரர்களிடம் சொல்லியிருக்க மாட்டாய், நான் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி வழியாகப் போகிற ஊட்டி பஸ் ஏறினவன் நம் கட்டபெட்டில் இறங்க வேண்டும். தூங்கி ஊட்டிக்கே போய்விட்டாய். அங்கிருந்து திரும்ப பஸ் ஏறி, மறுபடியும் தூங்கி, கட்டபெட்டைத் தாண்டிக் கோத்தகிரிக்குப் போய்விட்டாய். மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர் உன் போனில் இருந்து எங்களைக் கூப்பிட்டு, "உங்க பையன நானே எழுப்பி எறக்கி உடறனுங்க, ஸ்டாப்புல வந்து நில்லுங்க" என்றார். ஊரே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து தட்டில் பொங்கலை வைத்துவிட்டுத் திரும்பினால் நீ சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாய். தொடர்ந்து டபுள் டூட்டி என்றும், முப்பது படுக்கைக்கு ஒரே ஆள் என்றும், நாளைக்கு என்ன டூட்டி என்பதே முந்தின நாள் சாயங்காலம்தான் தெரியும் என்றும் எழுந்த பிறகு சொன்னாய்.

உங்கப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும், ஃபேக்டரியில் இலை வாட்டுகிற மாடியிலேயே வாழ்நாளைக் கழித்தவர். உன்னை உற்றுப் பார்த்துவிட்டு, "எலையக்கூட நாங்க மணிக்கணக்குப் பாத்துத்தான் வாட்டறோம். ஒரு மணி நேரம் மிஞ்சினா அந்த எல எதுக்கும் ஆகாது. மனுசனுக்குக் கணக்கு வேண்டாமா?" என்றார். அதுதான் உன் மண்டையில் ஏறியது என்று பிற்பாடு சொன்னாய். திரும்பிப் போன வாரமே நீயும் இன்னும் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தீர்கள். வாரத்துக்கு ஒருநாள் லீவு, மாத ஆரம்பத்திலேயே டூட்டி லிஸ்ட், கூடுதலாகப் பார்க்கிற வேலைக்குச் சம்பளம், ஒரு ஆளுக்கு இத்தனை நோயாளிதான் என்று ஒரு வரம்பு. உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அன்று எனக்குப் போன் செய்தாய். நான் என்ன சொன்னேன்? "போயி மன்னிப்புக் கேட்டுரு சாமி." முப்பது வருஷ அனுபவத்தில் இருந்து நான் உனக்குக் கொடுத்த புத்தி அது. அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

நீ கேட்கவில்லை. நல்லவேளை. ஆனால் நீ அறியாத ஒன்று இருக்கிறது, இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி. உங்கள் நர்சிங் சூப்பிரண்டு அம்மா என்னோடு ஒன்றாகப் படித்தவள். ஒரே ஹாஸ்டலில் ஒரே பக்கெட்டில் துணி துவைத்தவர்கள் நாங்கள். உனக்குச் சொல்லாமல் அவளுக்குப் போன் போட்டேன். "சின்னப் பையன், தெரியாமப் பண்ணிட்டான், நான் கண்டிச்சு வெக்கறேன், நீ கொஞ்சம் பாத்துக்கோ" என்று அவள் காலில் விழாத குறையாகப் பேசினேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "ஏன்டி, அவன் எழுதினதுல எந்த வரி தப்பு? எடுத்துச் சொல்லு" என்றாள். எனக்கு ஒரு வரியும் அகப்படவில்லை. "இருபது வருஷமா நான் எழுதணும்னு நெனச்சு எழுதாம உட்டது அது. உன் பையன் எழுதிட்டான். நாளைக்கு மேல கொண்டு போறேன். நீ கண்டிக்கறேன்னு கெளம்பிக் காரியத்தக் கெடுத்துராதே" என்று சொல்லி அவளும் போனைப் பட்டென்று வைத்தாள். என்னிடம் பேசுகிறவர்கள் எல்லாரும் ஏன் போனைப் பட்டென்று வைக்கிறார்கள் என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். கண்ணு, உனக்குப் பின்னால் போய் உனக்காக மன்னிப்புக் கேட்டது என் தப்பு. மன்னித்துக்கொள். நீ செய்தது தப்பென்று நினைத்ததுதான் அதைவிடப் பெரிய தப்பு.

இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள், ஆனாலும் கொடுத்தார்கள். வார லீவு வந்தது, மாத லிஸ்ட் சுவரில் ஒட்டப்பட்டது, டபுள் டூட்டிக்குத் தனிச் சம்பளம் வந்தது. அடிப்படைச் சம்பளம்தான் இன்னும் பேச்சுவார்த்தையில் நிற்கிறது. ஒரு ஆளுக்கு இத்தனை நோயாளி என்கிற வரம்பும் பாதிக் கிணறுதான். மீதிப் பாதியையும் தாண்டுவாய்.

சரி, இப்போது இந்த மூன்று நாள் கதைக்கு வருகிறேன். நீ போனை வைத்த மறுநாள் காலையில் அரவேணுவுக்கு பஸ் ஏறினேன். சம்பந்தி வீட்டில் நாங்கள் பெண் கேட்டபோது "பையன் ஆஸ்பத்திரில இருக்கறானுங்க" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியில் என்னவாக இருக்கிறான் என்று அவர்களும் துருவவில்லை. கடைசி நேரத்தில் நர்ஸ் என்று தெரிந்து சம்பந்தம் முறிந்தால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். ஆனாலும் பத்திரிகையில் வருவதற்கு முன்னால் என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். சம்பந்தி கடை வாசலில் உருளைக்கிழங்கு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க சம்பந்தி, சொல்லியிருந்தா நானே வந்திருப்பனுங்களே!" என்று பதறி எழுந்தார். வீட்டுக்குள் கூட்டிப் போனார்கள். டீ வந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டே, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. மாப்பிள்ள நர்சுங்க" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார் சம்பந்தி.

"நர்சுங்க" என்று மறுபடியும் சொன்னேன், காதில் விழவில்லையோ என்று.

"அட, தெரியுமுங்க! மாப்பிள்ள சொன்னதா மொத நாளே மஞ்சு சொல்லிருச்சு. நீங்கதான் வாயத் தொறக்க மாட்டேங்கறீங்கன்னு நாங்க பேசிக்குவோமுங்க." பக்கத்தில் சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சம்பந்தி முகம் கொஞ்சம் மாறியது. "எங்களுக்கு நர்ஸ் வேலை மேல ஒரு கொறையும் இல்லீங்க. ஒரே ஒரு பயந்தானுங்க. எங்க பங்காளி ஊட்டுப் புள்ள ஒண்ணு நர்சு. அது கண்ணாலத்தன்னைக்குக் காலைல டூட்டி முடிச்சுட்டு நேரா மணவறைக்கு வந்துச்சுங்க. பந்தில உக்காந்தே தூங்கிப் போச்சு. மூணாம் நாளு மறுபடியும் டூட்டி. நம்ம மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்குமுங்களா? எம்புள்ளையோட உக்காந்து ஒரு வேளை சோறு திங்க நேரம் இருக்குமுங்களா?"

நான் மறைத்தது எதை, அவர்கள் பயந்தது எதற்கு பார் கண்ணு. நான் வேலைக்கு வெட்கப்பட்டேன். அவர்கள் நேரத்துக்குக் கவலைப்பட்டார்கள். அப்போதுதான் வாயைத் திறந்தேன், திறந்ததை மூடவே இல்லை. நீ எழுதிக் கொடுத்தது, விசாரணை, வார லீவு, சுவரில் ஒட்டின லிஸ்ட் எல்லாவற்றையும் சொன்னேன். உன் சம்பளத்தையும் உள்ளது உள்ளபடி சொன்னேன். "இவ்வளவுதானுங்களா?" என்றார். "இப்போதைக்கு இவ்வளவுதானுங்க. கூட்டிக் கேட்டிருக்கறான்" என்றேன். "கேக்கட்டுமுங்க. கேக்காம எவன் குடுக்கறான்? பச்சத் தேயிலைக்கு வெல கேட்டு நானே எத்தன தடவ ரோட்டுல உக்காந்திருக்கறனுங்க" என்று தொடையைத் தட்டினார். அதற்குள் மஞ்சு பள்ளிக்கூடம் கிளம்பி வந்தவள், என் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காட்டினாள். உன் வார்டின் லிஸ்ட். நம் கல்யாணத் தேதிக்கு நேராக இரண்டு வட்டம். "பாருங்கத்தை, மொத பேட்ச் முகூர்த்தத்துக்கு வருது. அவங்க போயி டூட்டி மாத்தி உட்டதுக்கப்புறம் ரெண்டாவது பேட்ச் வரவேற்புக்கு வருது" என்றாள். "அப்ப பந்தியும் பேட்ச் பேட்சாப் போட்டுரலாமுங்க" என்றார் சம்பந்தி. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தத் தடவை நிஜமாகவே ஆனந்தக் கண்ணீர், எழுதி வைத்துக்கொள்.

மறுநாள், அதாவது நேற்று, கோத்தகிரி அச்சகத்துக்குப் போனேன். "நிர்வாகத்த எடுத்துருங்க, செவிலியர்னு போடுங்க. பி.எஸ்சி.க்குப் பின்னால நர்சிங்னு சேருங்க" என்று படியேறும்போதே சத்தமாகச் சொன்னேன். தேங்காய்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். அச்சகக்காரர் எழுந்திருக்கவே இல்லை. "அதெல்லாம் ஞாயித்துக்கெழமையே மாத்தியாச்சுங்கம்மா. மாப்பிள்ளையே போன் பண்ணிட்டாரு. அடிச்சும் வெச்சாச்சு" என்று ஒரு பத்திரிகைக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நீ கோபத்தில் பேசாமல் இருக்கிறாய் என்று நான் உப்பில்லாத சாம்பார் வைத்துக்கொண்டிருக்க, நீ அன்றைக்கே காரியத்தை முடித்துவிட்டுக் கமுக்கமாக இருந்திருக்கிறாய். கள்ளப் பயலே.

மேலே இருந்த பத்திரிகையைப் பிரித்தேன். உன் பெயர், பி.எஸ்சி. நர்சிங், செவிலியர். நன்றாக இருந்தது. மேலே உங்கப்பா பெயர், அதன் கீழே தேயிலைத் தொழிற்சாலை என்று நான் எழுதிக் கொடுத்தபடியே இருந்தது. பக்கத்தில் என் பெயர். நான் எழுதிக் கொடுத்ததில் அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அம்மாக்களின் பெயருக்குக் கீழே யாரும் ஒன்றும் போடுவதில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆனால் அங்கே ஒரு வரி இருந்தது. செவிலியர், பணி நிறைவு.

அச்சகக்காரர் பயந்துவிட்டார். "ஏனுங்கம்மா, தப்பா அடிச்சுட்டமுங்களா? மாப்பிள்ளதான் கட்டாயம் போடோணும்னு சொன்னாருங்க" என்றார். "தப்பில்லீங்க" என்று அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே சொன்னேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். என்னை முப்பது வருஷத்தில் யாரும் மேடையில் உட்கார வைத்ததில்லை கண்ணு. நீ பத்திரிகையில் உட்கார வைத்துவிட்டாய்.

திரும்பும்போது பஸ்ஸில் பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் ஒன்றைப் பிரித்துக் காட்டினேன், கேட்காமலேயே. அவர் வாசித்துவிட்டு, "நீங்க நர்சுங்களா?" என்றார். "ஆமாங்க. முப்பது வருஷம். பையனும் நர்சுங்க" என்று பின் சீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். பின் சீட்டில் இருந்து ஒரு பேச்சும் வரவில்லை. கால்தான் வந்தது. ஒரு பெரியவர் எழுந்து வந்து, வீங்கிய காலைக் காட்டி, "இது சக்கரையாங்க?" என்றார். அவர் நகர்வதற்குள் கண்டக்டர் தன் முதுகுவலியைச் சொன்னார். எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். விடியற்காலையில் இருந்து என்றார். "முதுகுக்கு மருந்து இல்லீங்க. டூட்டி லிஸ்ட் கேட்டு எழுதிக் குடுங்க" என்றேன். பஸ்ஸே சிரித்தது. கட்டபெட்டில் நான் இறங்கும்வரை ஆலோசனை ஓடிக்கொண்டிருந்தது. சம்பளம் இல்லாத டூட்டிதான், தெரியும். கல்யாண வீட்டுக்காரி என்று விட்டுவிடு.

இனி உனக்குச் சொல்ல அதிகம் இல்லை. சாப்பிட்டுவிட்டு டூட்டிக்குப் போ. டூட்டி முடிந்தால் வீட்டுக்குப் போ, மஞ்சு காத்திருப்பாள். நாளைக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையைக் கொடுத்தனுப்பாதே, நீயே போய் நெற்றியில் கையை வை. அதற்கு லீவு கேட்க ஒருநாளும் வெட்கப்படாதே, அதற்கான நாளைத்தான் நீ எழுதி வாங்கியிருக்கிறாய்.

முகூர்த்தத்துக்கு நீ எடுத்துக் கொடுத்த பட்டுச் சேலையைத்தான் கட்டுவேன். சாயங்காலம் உன் இரண்டாவது பேட்ச், ஷிஃப்ட் முடிந்த களைப்போடு வந்து இறங்குமே, அப்போது மண்டப வாசலில் பன்னீர்ச் சொம்போடு நான்தான் நிற்பேன். நேற்று சாயங்காலம் பெட்டியைக் குடைந்து என் பேட்ஜைத் தேடி எடுத்துவிட்டேன். கறுப்புப் பட்டை கொஞ்சம் வெளுத்திருக்கிறது, எழுத்து அப்படியே இருக்கிறது. பட்டுச் சேலையில் ஊசி குத்தினால் நூல் பிரியும் என்கிறார் உங்கப்பா. பிரிந்தால் பிரியட்டும். குத்திக்கொண்டு நிற்பேன், கல்யாணம் முடிந்து அதே சேலையோடு பஸ் ஏறுவேன், இந்தத் தடவை பேரைக் கழட்ட மாட்டேன்.

அன்புடன்,
அம்மா